இரட்டைக்குழலில் ஒரு பொட்டு

ஆகஸ்ட் 18

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. ஸ்டேஷனில் ஈ ஓட்டினோம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது.

ஆயுத அறையைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பொறுப்பை யாரும் விரும்பி வாங்குவதில்லை. ஒரு துப்பாக்கியில் துரு ஏறினால் மெமோ, சாவி தொலைந்தால் வேலையே போச்சு. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏம்மா சூர்யகலா உனக்கு இந்த வேண்டாத வேலை என்று எஸ்.எஸ்.ஐ. சுப்பராயலு கேட்டார். அங்க யாரும் பேச மாட்டாங்க சார் என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

எண்ணெய் வாசனை. மரச் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் குழல்கள். பின் தெருவில் யார் வீட்டுத் தறியோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் படகில் போவது போல இருக்கிறது. எந்தப் படகில் போயிருக்கிறேன் நான்? ஒன்றிலும் இல்லை.

சாயங்காலம் அந்த பேங்க் செக்யூரிட்டி வந்தார். இளஞ்செழியன். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர், போளூர்க்காரர். சொந்தமாக இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். லைசென்ஸ் புதுப்பிப்பு எங்கோ மேஜையில் தூங்குகிறது. அது வரும்வரை துப்பாக்கி எங்கள் பொறுப்பில். அவர் பேங்க் வாசலில் லத்தியோடு நிற்கிறார்.

"எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைப் பார்க்க வந்த மாதிரி கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஆகஸ்ட் 25

மறுபடி வந்தார். இன்றைக்கு எனக்குத் திட்டு.

"உறையோட வெச்சிகினு கீறீங்களே மேடம்! கேன்வாஸு ஈரத்த இஸ்த்து உள்ளயே வெச்சிக்கும். கயட்டிடுங்க."

"எனக்குத் தெரியும் சார்" என்றேன் வெடுக்கென்று. தெரியாது. அவர் தலை மறைந்ததும் எல்லா உறைகளையும் கழற்றிப் போட்டேன். ஏன் அப்படி எரிந்து விழுந்தேன்?

செப்டம்பர் 1

போன வாரம் திட்டினாரே, இன்றைக்கு என் முறை.

துப்பாக்கி அலமாரியின் அடித்தட்டில் எப்போதும் ஒரு பல்பு எரியும். அந்தச் சூட்டில்தான் உள்ளே ஈரம் தங்காமல் இருக்கும். போன வருஷம் யாரோ மகராசன் கரண்ட் மிச்சம் பிடிக்க அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டிருக்கிறார். வெளிச்சம் ஜோர். சூடு? தொட்டால் ஜில்லென்றிருக்கிறது. குண்டு பல்பு தேடி ஆரணி பஜார் முழுக்க அலைந்தேன். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் சேவூரில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவரிடம் கிடைத்தது.

அத்தை கேட்டாள்: "இன்னாடி இது, கோயிகுஞ்சு வளக்கப் போறியா?" அவள் பட்டு நூல் சுற்றிக்கொண்டே என் பையைப் பார்த்துவிடுவாள். என் மாமியார் சின்னம்மாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இளஞ்செழியனிடம் பல்பைக் காட்டினேன். குனிந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி, சூடு பார்த்தார். "சபாஷ் மேடம்" என்றார். வீடு வரும்வரை அந்த சபாஷை நினைத்துக்கொண்டே ஸ்கூட்டி ஓட்டினேன். ரைஸ் மில் திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்ததுகூடத் தெரியவில்லை.

செப்டம்பர் 8

வெறுங்கையால் இரும்பைத் தொடக்கூடாதாம். வேர்வையில் உப்பு இருக்கிறது. இன்றைக்குத் தொட்டால், சில நாள் கழித்து அந்த இடத்தில் கைரேகை அப்படியே துருவாக எழும்பும் என்றார். அஸ்ஸாமில் ஒரு துப்பாக்கியில் பார்த்தாராம். யாருடைய ரேகையோ, கோடு கோடாக, அச்சு எடுத்த மாதிரி.

நாள் முழுக்க அதே நினைப்பு. தொட்ட கை போய்விடுகிறது, தொட்டது மட்டும் நின்றுவிடுகிறது.

என் கணவர் திருமலை போய் ஆறு வருஷம் ஆகிறது. போளூர் ரோட்டில், ரோந்து முடிந்து வரும்போது, லாரி. அவர் வேலைதான் எனக்குக் கிடைத்தது. அவருடைய பெல்ட்டின் கொக்கியில் துரு ஏறியிருக்கிறது. அதை நான் துடைத்ததே இல்லை.

செப்டம்பர் 22

சுப்பராயலு சார் வாய் சும்மா இருக்குமா. "இன்னாம்மா, பொண்ணு பாக்க வர மாரி வாராவாரம் வந்துகினு கீறாரே அந்த மிலிட்டரி! துப்பாக்கிக்கு நலங்கு வெச்சிடலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

இளஞ்செழியனின் மனைவி கொரோனாவில் போய்விட்டாராம். பிள்ளைகள் இல்லை. இதை அவர் சொன்னது எண்ணெய் பற்றிப் பேசும்போது, நடுவில். எண்ணெயை மெல்லிசாகத் தடவ வேண்டும், கெட்டியாகத் தடவினால் தூசி ஒட்டும் என்றார். பிறகு இது. பிறகு மறுபடி எண்ணெய்.

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். லைசென்ஸ் சீக்கிரம் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அது வந்தால் துப்பாக்கி போய்விடும். துப்பாக்கி போனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெறும் சாயங்காலமாகிவிடும். ஒரு மனிதர் லத்தியோடு நிற்பதில் எனக்குச் சந்தோஷமா? சே.

அக்டோபர் 6

பேங்க்கின் செய்யாறு கிளையில் ஆள் இல்லையாம், அவரை இரண்டு மாதம் அங்கே போகச் சொல்லிவிட்டார்கள். "நீங்க பாத்துக்குவீங்க, எனக்கு இன்னா கவல" என்றார். ரொம்ப நல்லது. எனக்குத்தான் கவலை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. ஜீப்புக்கு வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய், பொரி, சுண்டல். அறையிலிருந்த எல்லாத் துப்பாக்கிகளையும் ஜமக்காளத்தில் வரிசையாக வைத்தோம். சந்தனம் குழைத்தது சுப்பராயலு சார். எல்லாவற்றுக்கும் கட்டைப் பகுதியில் சின்னதாக ஒரு தீற்று, மேலே குங்குமம்.

இளஞ்செழியனுடையதை மட்டும் நான் வாங்கிப் பொட்டு வைத்தேன். கட்டையில் மட்டும் வைத்தால் போதாது போல இருந்தது. குழலிலும் வைத்தேன், பக்கத்துக்கு ஒன்றாக, வட்டமாக, பெரிதாக. கறுத்த இரும்பில் அந்தச் சிவப்பு அவ்வளவு அழகு. யாரும் பார்க்காத நேரத்தில் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி மேலே போட்டேன். பைத்தியம்.

அக்டோபர் 13

பூஜை முடிந்து துப்பாக்கிகளைத் துடைத்து உள்ளே வைத்தேன். எல்லாவற்றையும் துடைத்தேன்.

அதை மட்டும் முடியவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய், நின்று, திரும்பிவிட்டேன். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது, இரும்புக்கு ஆகாது, எனக்குத் தெரியாதா? ஆனா எப்படி அழிக்கறது? குங்குமம் வெச்ச பொட்ட, என் கையால? அன்னைக்கு என் நெத்தியில அழிச்சாங்களே. யாரோ ஒரு பெரியம்மா, புடவைத் தலைப்ப நனைச்சி, பரபரன்னு. அத்தை மட்டும் கிட்ட வரல, சுவரப் பாத்துகினு அழுதா. என்னால முடியாது. தானாக உதிரட்டும். வண்டியில் வைத்த பொட்டை யாராவது அழிக்கிறார்களா?

அக்டோபர் 27

செய்யாறில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? வாசலில் நின்றிருப்பார். வேறென்ன.

நவம்பர் 17

நல்ல மழை. தறி வீடுகளில் பாவு நமத்துப் போய் நூல் அறுகிறது என்று அத்தை புலம்புகிறாள். பட்டு ஈரம் குடிக்கும். பல்பு எரிகிறதா என்று தினம் இரண்டு முறை பார்க்கிறேன். பொட்டு காய்ந்து நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனவில் அது பெரிதாகி, ஏரிக்கரையில் இறங்குகிற சூரியன் மாதிரி சிவப்பாக நின்றது. விழித்தபின்னும் நல்ல கனவு மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 28

போன் செய்தார். லைசென்ஸ் வந்துவிட்டது. எட்டாம் தேதி வந்து எடுத்துக்கொள்கிறாராம். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ரொம்ப நல்லது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது.

டிசம்பர் 1

புயல். கமண்டல நாக நதியில் வெள்ளம். பாலத்தில் பந்தோபஸ்து. கரண்ட் இல்லை. நனைந்த யூனிபார்மோடு எழுதுகிறேன்.

டிசம்பர் 4

இன்றைக்குத்தான் ஸ்டேஷன் பக்கம் போக முடிந்தது. அறையைத் திறந்தால் புழுக்க வாடை. கரண்ட் போனபோது அணைந்த பல்பு, அதன்பிறகு எரியவேயில்லை. மற்ற துப்பாக்கிகளெல்லாம் தப்பித்துக்கொண்டன.

அதைத் தொட்டதும் சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. கீழே துரு. பக்கத்துக்கு ஒரு வட்டம், பொட்டு இருந்த அளவுக்கே.

கடவுளே, இன்னா வேல பண்ணி வெச்சேன் நானு. பேங்க்கில் சோதித்துப் பார்த்துதான் மறுபடி துப்பாக்கியோடு நிற்க விடுவார்கள். துருப்பிடித்ததை எடுத்துக்கொண்டு எப்படிப் போவார்? மெமோ வரட்டும், போகட்டும். "நீங்க பாத்துக்குவீங்க" என்றாரே. எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கலாம், அவர் வருவதற்குள். துணியை எடுத்தேன். முடியல. இப்பவும் முடியல.

டிசம்பர் 8

வந்தார். இளைத்திருந்தார். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

"யார் மேடம் இத வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு."

"அக்டோபர்ல வெச்சத இது வரிக்கும் தொடைக்கலியா? இது பேரலுங்க, சாமி செல இல்ல! நாளைக்கு மேனேஜர் பாப்பாரு. நான் இன்னான்னு சொல்றது?"

குரல் வெளியே கேட்டிருக்கும். சுப்பராயலு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இளஞ்செழியன் தன் பையிலிருந்து எண்ணெயும், பஞ்சு மாதிரி மெல்லிசான இரும்பு நாரும் எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்து, முதல் வட்டத்தின் மேல் தேய்க்க ஆரம்பித்தார். மிச்சமிருந்த குங்குமமும் துருவும் எண்ணெயும் கலந்து சிவப்பாக ஒழுகியது.

"வேணாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"இன்னா வேணாம்?"

"அழிங்க சார். அழிச்சித்தான் ஆகணும். என்னால பாக்க முடியல. எனக்கு அழிச்ச மாரியே கீது."

அவ்வளவுதான் சொன்னேன். யூனிபார்மில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதேன்.

அவர் கை நின்றது. பிறகு, வந்தபோது இருந்த சத்தம் எதுவுமில்லாமல், "நீங்க வெளிய போயி ஒரு டீ குட்ச்சிட்டு வாங்க மேடம். நான் முட்ச்சி வெக்கிறேன்" என்றார்.

போனேன். டீ ஆறியது. திரும்பி வந்தபோது குழல் பழையபடி கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. ஒரு பக்கம் கடுகளவு குழி மட்டும் நின்றுவிட்டது. அது போகாதாம், ஆனால் சுடுவதற்கு ஒன்றும் ஆகாதாம். துடைத்த துணியைக் குப்பைக் கூடையில் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். போய்விட்டார்.

டிசம்பர் 9

அலமாரியில் அந்த இடம் காலி. பல்பு எரிகிறது.

டிசம்பர் 15

ஞாயிறு. யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? சோதனையில் தேறியதா என்றுகூடத் தெரியவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துவிட்டேன்.

டிசம்பர் 22

வந்தார்! கையில் துப்பாக்கி இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

சுப்பராயலு சார்தான் முன்னால் இருந்தார். "இன்னா சார், அதான் துப்பாக்கிய குட்த்துட்டோமே? எதுனா கம்ப்ளைன்டா?"

"இல்ல சார். மேடத்த பாக்க வந்தேன்."

வாயாடி சுப்பராயலு சார் வேகமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். துப்பாக்கி தேறிவிட்டதாம். போன ஞாயிறே வந்தாராம். ஸ்டேஷன் வாசல்வரை வந்து, எதைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது என்று தெரியாமல், திரும்பி பஸ் ஏறிவிட்டாராம்.

"உங்க வூட்ல யார்கிட்ட வந்து கேக்கணும் மேடம்?"

அத்தையிடம். அவளை விட்டால் எனக்கு யார்? ஆனால் அவள் திருமலையைப் பெற்றவள். அவளிடம் போய் எந்த வாயால் சொல்வேன்?

ஜனவரி 5

சொல்லிவிட்டேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டை நின்றது. "மிலிட்டரியா" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் சொல்லக்கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஜனவரி 8

இன்னும் பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள். அவ்வளவுதான்.

ஜனவரி 11

காலையில் அம்மியில் மிளகாய் வைத்தவள், அரைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அந்தாளு காரம் திம்பாரா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "தெரியாது அத்தை."

"கறி மீனு?"

"தெரியலியே."

"அட ஆண்டவனே! அப்ப இத்தினி மாசமா ரெண்டு பேரும் இன்னாதாண்டி பேசிகினு இருந்தீங்க?"

"துருவப் பத்தி அத்தை."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாயில் பாதியை எடுத்து ஓரமாக வைத்தாள். நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள், நான்தான் இப்போது போன் பண்ண வேண்டும்.