நெஞ்சுக்கு முன்னால் பல்

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "எல்லாரும்னு எழுதாத டேல். பொய்யில ஆரம்பிக்காத" என்கிறாள். ஆகவே திருத்தி எழுதுகிறேன்: அம்மாவும் நாயும் நலம். என் சங்கதியைக் கீழே சொல்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ராணுவப் பயிற்சி முகாமில் உங்கள் போன்களை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அம்மா தினமும் உன் எண்ணுக்கு அடிப்பாள். பதிவு செய்த உன் குரல் இரண்டு வார்த்தை பேசும். கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கடிதம் வந்த அன்று அடிக்கவில்லை.

உன்னுடைய ஞானப்பல் நாலையும் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உன் முறை வந்ததும் நீ கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டாய். உங்கள் சார்ஜன்ட் அம்மா கதவைத் தட்டி, "துப்பாக்கியத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியிற, ஊசியக் கண்டா ஒளியிறியா சால்மெலா" என்று கேட்டாள். எல்லாம் படித்தோம். மாதக் கடைசியில் மறுபடி கூப்பிடும்போதும் நீ உட்காரவில்லை என்றால், பின்னால் வரும் அணியில் தள்ளிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். "நீங்களா இருந்தா என்னப்பா பண்ணுவீங்க" என்று கேட்டாயே, அங்கேதான் எனக்கு இடித்தது. நீச்சல் தெரியாதவனிடம் ஆற்றின் ஆழம் கேட்கிறாய் மகளே. நானாக இருந்தால் கழிப்பறை ஜன்னலை உடைத்துக்கொண்டு இந்நேரம் ஜார்ஜியா மாநில எல்லையையே தாண்டியிருப்பேன்.

என் லட்சணம் உனக்குத் தெரியும். தபால் ஆபீசுக்குப் போவதென்றால் பல் ஆஸ்பத்திரித் தெருவைத் தவிர்த்து, மரக்கடை வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். இத்தனைக்கும் உயர்நிலைப் பள்ளி ஐஸ் ஹாக்கி அணியில் கோல் காத்தவன். முன்பல் மூன்றை ரப்பர் வட்டு அடித்துக்கொண்டு போனபோது துப்பிவிட்டு மிச்ச ஆட்டத்தை ஆடினேன். வட்டு வேகமாக வந்து எடுத்துக்கொண்டு போனால் அது விளையாட்டு. ஒருவர் விளக்கைப் போட்டு, கையுறை மாட்டி, நிதானமாக எடுக்க வந்தால் அதை நான் என்னவென்று சொல்வது. உன் ரூடி மாமா இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். "டேய், வட்டு வந்தப்ப மூஞ்சியக் காட்டுன. ஒரு பொம்பள சின்னக் கண்ணாடிய நீட்டுனா ஓடுற."

இனி என் சங்கதி. போன மாதம், நீ கிளம்பிப் போன அடுத்த வாரம், ஐஸ் வண்டியில் ஏறி ஹாக்கி அரங்கத்தின் ஐஸ் தரையைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. கண்ணைத் திறந்தால் வண்டி பக்கவாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஐஸ் மேல் நான் போட்ட கோடு பாம்பு மாதிரி கிடக்கிறது. டுலூத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு, கதவு மாதிரி, இறுகிப்போய் முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறதாம். புதுசு வைக்க வேண்டும். "பனி உருகுறதுக்குள்ள வெச்சாகணும் மிஸ்டர் சால்மெலா. அதுக்கு மேல தள்ளிப்போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தெரிந்தால் பாதியில் ஓடிவந்து நிற்பாய். அம்மாதான், "அவ உன்கிட்ட நெசமாக் கேட்டிருக்கா, நீ நெசமாச் சொல்லு" என்றாள்.

நெஞ்செலும்பை எப்படிப் பிளப்பார்கள் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தலையாட்டினேன். வைக்கப்போவது மாட்டிலிருந்து எடுத்த வால்வா பன்றியிலிருந்து எடுத்த வால்வா என்று பேச்சு வந்தபோது, "பன்னியே இருக்கட்டும், வீட்டுல கேட்டா புதுசா ஒண்ணும் மாறலைன்னு சொல்லுவாங்க" என்று ஜோக்கும் அடித்தேன். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும் நேரத்தில் நர்ஸ் வந்து, "முதல்ல பல் டாக்டரப் பாத்துட்டு வந்துருங்க. சொத்தைப்பல்லு ஏதாச்சும் இருந்தா அந்தக் கிருமி ரத்தத்துல போய்ப் புது வால்வுல உக்காந்துக்கும். பல்லு சரியா இருக்குன்னு அவங்க சொன்னாத்தான் ஆபரேஷன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு வேர்த்தது.

பாதி வழி வரை அம்மா சாலையையே பார்த்துக் காரை ஓட்டினாள். பிறகு, "நெஞ்சத் தொறக்கச் சரின்னுட்ட. வாயத் தொறக்க மாட்டேங்குற. நம்ம ஊர்ல வாயத் தொறந்தா மூடாத ஒரே ஆளு நீதான்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். ஐஸ் வண்டி பழுது என்று ரத்து செய்தேன். மறுபடி வாங்கினேன். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி நடக்கிறது என்று அதையும் ரத்து செய்தேன். அதற்குப் பிறகு செய்ததைச் சொன்னால் நீ சார்ஜன்ட் அம்மா முன்னால் சிரித்துத் தண்டனை வாங்கப்போகிறாய், தனியாக இருக்கும்போது படி.

நம் அரங்கத்தில் பிள்ளைகளுக்குப் பால்பல் ஆடினால் எப்படி எடுப்போம் என்று உனக்கே தெரியும். தூண்டில் நரம்பில் ஒரு நுனி பல்லில், மறுநுனி வட்டில். மட்டையால் ஒரே அடி. பிள்ளை அழுவதற்குள் பல் ஐஸ் மேல் உள்ள நீலக்கோட்டைத் தாண்டிவிடும். உன்னுடைய பல்லே இரண்டு அப்படிப் போனதுதான். என் கடைவாயில் ஒன்று வருஷக்கணக்காகச் சொத்தை. அதை மட்டும் எடுத்துவிட்டால், டாக்டர் எட்டிப் பார்க்கும்போது வாய் சுத்தமாக இருக்கும், ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார் என்று என் மூளை கணக்குப் போட்டது. ரூடியைக் கூப்பிட்டேன். அவனுக்கும் புத்தி உண்டென்று நினைத்தது என் இரண்டாவது தப்பு. "எத்தன பிள்ளைக்குப் பாத்திருக்கோம், உனக்குப் பாக்க மாட்டமா" என்றான். மட்டையை ஓங்கி அடித்தான். பால்பல்லுக்கு வேர் கரைந்திருக்கும், கிழவன் பல்லுக்கு வேர் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாதிப் பல் வட்டோடு போயிற்று. வேர் என்னோடு தங்கிவிட்டது.

மறுநாள் கன்னம் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. காய்ச்சல் வேறு. அம்மா டுலூத்துக்கு போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை செய்ய இருந்த ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி கடைசி. அதற்குள் வாயைச் சரி செய்யவில்லை என்றால் எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

புதன்கிழமைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. காரை அம்மா ஓட்டுவாள். என் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். போவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். கொடுத்தால் பொய் என்று அந்த வரியை அம்மா அடிக்கச் சொல்வாள். அதனால் கொடுக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கால் கொப்புளத்தைக் குத்தாதே.

உன் அப்பன்,
டேல் சால்மெலா

*

பிப்ரவரி 22, சனி

பிரியமுள்ள பிரிட்டா,

போனேன். தலைப்புச் செய்தி அதுதான், மற்றது எல்லாம் விவரம்.

டாக்டர் பெயர் லோர். செயின்ட் பால் நகரத்தில் வளர்ந்தவர், லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் குடும்பத்துப் பெண். உனக்கு ஓர் அக்கா இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நான் எதிர்பார்த்துப் போன முகம் அது இல்லை. நாற்காலியை அவர் சாய்க்கவே இல்லை. எதிரே உட்கார்ந்து, எது பயம், ஊசியா, சத்தமா, வலியா என்று கேட்டார். நான் ஜோக் அடித்தேன். இன்னொன்று அடித்தேன். ரூடி கதையைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் வேறு சரக்கு இல்லை.

உனக்குப் பயன்படும் என்பதால் இதைக் கவனித்துப் படி. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் இடது கையைத் தூக்கினால் அவர் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். நம்பவில்லை. சும்மா தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினேன். நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் கூட நான் இத்தனை தடவை கை தூக்கியதில்லை. அடுத்து, ஐஸ் வண்டி ஓட்டும்போது போடுகிற காதடைப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. உங்கள் முகாமில் சுடும்போது காதில் வைக்கத் தருவார்களே, அதை எடுத்துக்கொண்டு போ. எதைச் செய்யப்போனாலும் முன்கூட்டியே சொல்லச் சொல். "இப்ப அழுத்தும், வலிக்காது" என்று அவர் சொன்னால் அழுத்தத்தான் செய்தது, வலிக்கவில்லை. அம்மா என் காலடியில் நின்றாள். கை எட்டவில்லை என்று என் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டையை வைத்தார். அப்போதுதான் அந்தக் கிறுக்குத்தனம் நடந்தது. வலி இல்லை, கன்னம் மரத்துக் கிடக்கிறது. ஆனால் வாய் திறந்திருக்கிறது, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. உனக்குத் தெரியுமே, எனக்கு எது வந்தாலும் முதலில் ஒரு ஜோக்கைத்தான் முன்னால் அனுப்புவேன். அது போய்ப் பேசிச் சமாளித்துவிட்டு வரும், நான் பின்னால் போவேன். அன்றைக்கு அனுப்ப ஆள் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்து இரண்டு பக்கமும் காதடைப்புக்குள் இறங்கியது. நான் கையைத் தூக்கவில்லை. அவரே நிறுத்திவிட்டார். கட்டையை எடுத்துவிட்டு, "வலிக்குதா" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வாயில் பாதி மரத்துப்போய்க் குழறிக் குழறிச் சொன்னேன்: "டுலூத்துல மயக்க மருந்து குடுத்துட்டு இப்படித்தான் வாயில குழாய் வெப்பாங்களாம். அதுக்கு அப்புறம் பேச முடியாது. அதுக்கு முன்னாடி கடைசியா என்ன பேசணும்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல."

அம்மா முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பூட்ஸில் அவள் பிடி இறுகியது தெரிந்தது.

டாக்டர் லோர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப யோசிங்க, அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு நானே வாயைத் திறந்தேன். வேரையும், பக்கத்தில் கெட்டுப்போயிருந்த இரண்டையும் எடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மா ஆப்பிளை மசித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். அவளுக்குப் பல் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று போய்க் காட்டினோம். வீக்கம் வற்றிவிட்டது, காயம் ஆறிவிட்டது, டுலூத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். நீ செய்ய வேண்டியதை நான் முந்திச் செய்துவிட்டேன், பயமும் போய்விட்டது என்று உனக்குப் பெருமையாக எழுத வேண்டும் என்றிருந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், பயம் போகவில்லை. அடுத்த தடவையும் மரக்கடை வழியாகச் சுற்றித்தான் போவேன் போல. பயத்தோடேயே உட்கார முடிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். ரூடி அரங்கத்தைப் பார்த்துக்கொள்வான். ஐஸ் என்ன கதியாகுமோ தெரியவில்லை. ஏப்ரலில் உன் பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு அம்மா கட்டாயம் வருவாள், டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறாள். இரண்டும் பணம் திரும்பி வராத டிக்கெட். மலிவு என்று எடுத்தாளா, இல்லை வேறு யோசனையா என்று நான் கேட்கவில்லை.

யோசித்தாயா, என்ன பேசுவது என்று உனக்குத் தோன்றும். யோசித்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கானது இந்தத் தாளில் நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் ஜோக்காக வந்து விழுந்தது. அடித்துவிட்டேன். நீ என் மகள்தானே, அடித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் முகாமுக்கு உடனே சேதி போக வழி இருக்கிறதாம். உங்கள் அதிகாரி உன்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார். எல்லாம் நல்லபடியாக நடந்தால் சேதி எதுவும் வராது. அம்மா சாவகாசமாகக் கடிதம் போடுவாள். இது உன் கைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமை போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். நீ பல் டாக்டர் நாற்காலியில் உட்காரப் போகும் நேரமாகவும் இருக்கும்.

போய் உட்காரு மகளே. கை தூக்கு, எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கு. நாலு பல்லும் நல்லபடியாக வரட்டும், நீ உன் அணியோடேயே நடந்து வரவேண்டும். இந்த வரியை நீ வாசிக்கிற வரைக்கும் எந்த அதிகாரியும் உன்னைத் தனியாகக் கூப்பிடாமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
அப்பா