பெட்ரோல் தீர்ந்துபோன சனிக்கிழமை

பாச்சாங்கில் வியாழக்கிழமை கூடும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குக் கீரை வாங்கப் போனேன். அப்பம் பாலிக் சுடுகிற கடைக்குப் பின்னால் சின்ன ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோலும் புகையும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கீரை மறந்துபோயிற்று. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் திட்டு வாங்கினேன். அதில் பாதி உனக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கொள்ள நீ இல்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இறந்தவரைப் பற்றி எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். நான் படித்தது மூன்றாம் படிவம் வரை. எனக்கு எழுத வருவது உண்மை மட்டும்தான். முப்பது வருஷமாக உன் மேல் எனக்குப் பொறாமை. நட்பும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நட்பு அவ்வப்போது லீவு எடுக்கும். பொறாமை ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை.

செங் வட்டாரத்தில் நாம் இருவரும் ஒரே தொழிற்சாலை. நான் மெஷின் பழுது பார்ப்பவன், நீ பெட்டி கட்டுகிறவன். சம்பளம் எனக்குத்தான் கொஞ்சம் கூட. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் உன் மேசையில். நான் ஒரு வேடிக்கை சொன்னால் அதற்கு விளக்கமும் நானே சொல்ல வேண்டும். நீ தும்மினாலே சிரித்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்தது அந்தக் கலை முகாம். ரப்பர் எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சவுக்கு மரங்களுக்கு நடுவில் மூன்று நாள் தங்கி ஆடிப் பாடுவதாக ஏற்பாடு. கூடாரம் என்பது லாரிப் படுதா. மேடை என்பது தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஆறு பலகைகள். விதி ஒன்றுதான்: சினிமாப் பாட்டு கூடாது, சொந்தச் சரக்கு மட்டும். அதைக் கேட்டதும் பாதிப் பாடகர்கள் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். என்னிடம் சரக்கு இருந்தது.

மூன்று மாதம் அகராதியைப் புரட்டிப் புரட்டி, பால் மரம் சீவியவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பதினோரு கண்ணிகள் எழுதியிருந்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகினேன். என் மகள் கவிதாவுக்கு அப்போது எட்டு வயது. மேடையில் என்னை அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவள் உன்னைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை என்னைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடினேன். நாலாவது கண்ணியில் தேநீர் வந்துவிட்டதென்று பின் வரிசை எழுந்து போனது. ஆறாவது முடிந்தபோது, "இன்னும் எத்தனைங்க இருக்கு?" என்று என் மனைவியே சைகையில் கேட்டாள். ஏழாவதில் கவிதா அவள் மடியில் தூங்கிப்போனாள். பதினோராவது வரை கேட்டவன் நீ ஒருவன். தனியாகக் கைதட்டியவனும் நீதான். பிறகு வந்து என் தோளில் கை போட்டாய்.

"நல்லா இருந்துச்சு மச்சான். எட்டாவதுலதான் லேசா மூச்சு வாங்குது."

யாருமே கேட்காத பாட்டில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு நீ கேட்டிருக்கிறாய். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எட்டாவது சரியில்லை என்பது எனக்கே தெரியும். அதனால் கோபம்தான் வந்தது.

மறுநாள் மதியம் நீ சமையல் பக்கம் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்பதும், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதுமாக இருந்தது.

"டேய், வெங்காயம் உரிக்க வந்தியா, எங்க கதய உரிக்க வந்தியா?" என்றார் சமையல் அக்கா.

"ரெண்டுலயும் கண்ணு கலங்குது லா அக்கா" என்றாய்.

நான் கிட்டே வந்து, ராத்திரி நிகழ்ச்சிக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"இன்னும் ஒன்னும் இல்ல மச்சான். இருட்டுறதுக்குள்ள வந்துரும்."

மூன்று மாதம் குளியலறையில் கிடந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

மெஷின் தெரிந்தவன் என்பதால் ஜெனரேட்டர் என் பொறுப்பு. சத்தம் கேட்காமல் இருக்க அதை மேடையிலிருந்து தள்ளி, மரங்களுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தோம். ஆறு மணிக்கு கவிதா வந்து புனல் பிடித்தாள். நான் பெட்ரோல் ஊற்றினேன். விளிம்பு தாண்டி வழிந்து அவள் சிலிப்பரில் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, மாமா என் பேர வச்சே பாடப்போறாராம்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். என் பதினோரு கண்ணிகளிலும் அவள் பெயர் இல்லை. வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பாடத் தொடங்கியபோது இருட்டிவிட்டது. ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பவனுக்கு வேறு எதுவும் கேட்காது. மரங்களுக்கு நடுவே பார்க்க மட்டும் முடிந்தது. நீ வாயசைக்கிறாய், ஜனங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரிக்கிறார்கள், யாரும் தேநீர் குடிக்கப் போகவில்லை. நேற்று தூங்கிய என் மகள் முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டுகிறாள். நீ குனிந்து அவளைத் தூக்கிப் பலகை மேல் நிறுத்தினாய்.

நான் கையை நீட்டி பெட்ரோல் குழாயை மூடினேன்.

குழாயை மூடினால் அந்த இயந்திரம் உடனே நிற்காது, உனக்குத் தெரியும். உள்ளே மிச்சமிருப்பதைக் குடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஓடும். அந்த ஒரு நிமிஷமும் என் கை குழாய் மேலேயே இருந்தது. திரும்பத் திறந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எஞ்சின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றது. பல்புகள் அணைந்தன. மைக் செத்தது.

அப்போதுதான் உன் பாட்டு எனக்கு முதல் தடவையாகக் கேட்டது.

கூட்டம் சலசலத்தது. நீ குரலை உயர்த்தக்கூட இல்லை. "யாரும் எந்திரிக்காதீங்க. எண்ணெ முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான் லா" என்றாய். அடுத்த மூச்சில், அதே மெட்டில்:

ஊருக்கெல்லாம் வெளிச்சம் தந்த மச்சான் – பாவம்
எஞ்சினுக்குச் சோறு போட மறந்துட்டான்

சிரிப்பு கடல் வரைக்கும் போயிருக்கும். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இருட்டில் கவிதா எனக்குக் கையசைப்பது நிழலாகத் தெரிந்தது. யாரோ கேஸ் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். மைக் இல்லாமல், நாற்பது பேர் தொடையில் தாளம் போட, அவளுக்கான அடியைப் பாடினாய்:

கடலையே கேள்வி கேட்கும் கவிதா – நாளை
கப்பலுக்கே பாடம் சொல்வா கவிதா

உன்னைக் கவிழ்க்கப் போய் உனக்கு மேடை கட்டிக் கொடுத்தேன். விளக்கோடும் மைக்கோடும் முடிந்திருந்தால் அதுவும் ஒரு பாட்டாகப் போயிருக்கும். இருட்டில் நீ பாடியதைத்தான் எல்லாரும் இன்றுவரை பேசுகிறார்கள்.

பாட்டு முடிந்ததும் நீ மரங்களுக்கு இந்தப் பக்கம் வந்தாய். நான் காலி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ செய்கிற மாதிரி நின்றேன். நீ குனிந்தாய். கையால் தடவி, குழாயைத் திறந்தாய். கயிற்றை ஒரே இழு. முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. எண்ணெய் தீர்ந்த எஞ்சின் அப்படிப் பிடிக்காது. என் காதருகே வந்து சொன்னாய்:

"எண்ணெ முடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லிட்டேன் மச்சான். நீ வேற ஏதும் சொல்லிக் கெடுத்துறாத. வா, சாப்பாடு ஆறுது."

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால், நாலு பேரிடம் சொல்லியிருந்தால், கணக்கு நேராகியிருக்கும். எனக்கு மேலேயே நின்றுவிட்டாய். அதுவும் ஒரு பொறாமை எனக்கு.

உன் சாவுக்கு ஜொகூரிலிருந்து கவிதா வந்தாள். அவள் அழுததைப் பார்த்து, எனக்கு இவ்வளவு அழுவாளா என்று யோசித்தவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

பதினாறாம் நாள் உன் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் பழைய முகாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். உன் பாட்டை யாராவது முழுசாகச் சொல்லுங்கள் என்று உன் மனைவி கேட்டார். யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் அவரவர் அடி அவரவர்க்குத் தெரிந்திருந்தது. சமையல் அக்கா, இப்போது கோல் ஊன்றி நடக்கிறவர், முதலில் சொன்னார்:

சம்பல்ல உப்பில்லேன்னு சொன்னவன – அக்கா
சமுத்திரத்தில் முக்கிமுக்கி எடுத்தாங்க

ஒவ்வொருவராக இரண்டிரண்டு வரி வந்தது. துக்க வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் முறை வந்தது.

"அப்பா, உங்களோடது" என்றாள் கவிதா.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. உன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கெடுத்துவிடாதே என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பாடினேன். பாவம் என்கிற இடத்தில் எட்டாவது கண்ணி மாதிரியே மூச்சு வாங்கியது. எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது கவிதாதான் கார் ஓட்டினாள். செங் முச்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னிக்குப் புனல் புடிச்சது நான்தானேப்பா. வழிஞ்சு என் சிலிப்பர்லகூட ஊத்துச்சு."

விளக்கு பச்சையானது. அவள் கியரைப் போட்டாள். "வீட்டுல கீரை இருக்கா?" என்று கேட்டாள்.

கடலையே கேள்வி கேட்பவள் என்று பாடினாய். வழிய வழிய ஊற்றிய எஞ்சின் ஏன் நின்றது என்று, முப்பது வருஷமாக அந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதை அவள் என்னைப் பார்த்துக் கற்றிருக்க வழியில்லை. என் மூக்கு அவளுக்கு வந்திருக்கிறது, என் முன்கோபம் வந்திருக்கிறது. அது மட்டும் உன்னுடையது.

அதற்கும் பொறாமைதான், மச்சான். ஆனால் இந்தப் பொறாமையை வைத்துக்கொள்கிறேன்.