முதல் பக்கத்தின் மேல் வரி

மார்ச் 3

இறைவன் துணை.

மன்னராட்சி போய் ஓராண்டாகிறது. குடியரசின் சாசனம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சபையில் இன்னும் முடிவாகவில்லை. அங்கே தட்டச்சு செய்யும் எனக்கே தலை சுற்றுகிறது. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே சபைதான். அப்பா மதகுரு. “கடவுள் பேரச் சொல்லாம ஆரம்பிக்கிற நாடு உருப்படுமா?” என்கிறார். கல்லூரியில் தத்துவம் நடத்தும் என் கணவர் விடுவாரா? “எந்தக் கடவுள் மாமா? ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோமே. மனுஷனுக்குப் புத்தி இருக்கு, அது போதாதா?”

இரண்டும் சரியென்றே படுகிறது. கேட்டுக்கொண்டிருந்ததில் என் தட்டில் சோறு ஆறிப்போனது.

மார்ச் 9

இறைவன் துணை.

வாக்கெடுப்பில் கடவுள் பெயர் ஏழு வாக்கில் தோற்றது. ‘மக்களாகிய நாம்’ என்றுதான் தொடக்கம். மாலைக்குள் பிரதி எடுக்கும் மெழுகுத்தாளில், அந்த ஸ்டென்சிலில், அடித்துக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லை.

மார்ச் 10

இறைவன் துணை — ஐயோ, இதேதான். இதேதான் நடந்தது!

எழுதப் பழகிய நாளில் அப்பா சொல்லிக்கொடுத்தது. எந்தத் தாளானாலும் கை முதலில் இதைத்தான் எழுதும். சாசனத்தின் முதல் பக்கத்திலும் அடித்திருக்கிறேன். சரிபார்த்ததும் நான்தான், கண்ணுக்கும் பழகிய வரி. முந்நூறு பிரதி ஓடிவிட்டது. சபையில் பாதிப் பேர் மேஜையைத் தட்டி ஆரவாரம், பாதிப் பேர் “மோசடி!” என்று கூச்சல்.

செயலாளர் கேட்டார்: “வேணும்னே பண்ணீங்களா?”

“இல்ல சார், பழக்கம்.”

பழக்கம்தானா? இல்லை, தோற்றுப்போன அப்பாவுக்காகவா? எனக்கே தெரியவில்லை. வேலை போய்விடும் போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.

மார்ச் 11

இறைவன் துணை. (யோசித்தே எழுதினேன்.)

அப்பா பூரித்துப் போயிருக்கிறார். “உன் கையால அவரே எழுதிட்டாரும்மா.” கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 14

இறைவன் துணை.

தலைவர் என்னைச் சபைக்கே அழைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். எப்படியோ சொன்னேன். யாரோ சிரித்தார்; பிறகு எல்லோரும்.

“அந்த வரிய மட்டும் அடைச்சிடுங்க. மத்ததை மேலே ஏத்த வேணாம், இடம் அப்படியே இருக்கட்டும். அவங்கவங்க நினைக்கிறத நினைச்சுக்கட்டும்” என்றார் தலைவர். ஒருவரும் மறுக்கவில்லை. ஸ்டென்சிலில் அந்த இடத்தில் மெழுகு பூசினேன். வேலை தப்பியது.

ஏப்ரல் 2

குடியரசு பிறந்துவிட்டது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா மேலே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் அதே இடத்தைப் பார்த்து, “அப்பாடா, சுத்தமா இருக்கு” என்றார்.

“நீ என்ன சொல்றே?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் வைக்கவேயில்லை.

இந்தத் தாளின் மேலேயும் பேனா ரொம்ப நேரம் நின்றது. ஒரு வரி விட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.