பூசாத கம்பி

லம்பா லைன்,
ஆகஸ்ட் 11.

அன்புத் தம்பி கௌதமுக்கு ஷீலா அக்கா எழுதுவது. நானும் முத்துராஜ் மாமாவும் நலம். கடல் சரியில்லாததால் வண்டூரில் மாமா ஓட்டும் சுற்றுலாப் படகு ஓடவில்லை. மாமா வீட்டில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் என் டிராயிங் வகுப்பை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

நீ அனுப்பிய கண்காட்சிப் புத்தகம் கிடைத்தது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் உன் போட்டோ, தாடி நன்றாக வளர்ந்திருக்கிறது. என் கண்ணாடி கைக்குக் கிடைக்காததால் மாமாதான் படித்தார். கைவிடப்பட்ட மீன்வலை, படாக் மரத்தூள், இரும்புக் கம்பி. கருத்தும் நுட்பமும் கௌதம் என்று போட்டிருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நன்றி சொல்கிற பக்கத்தில் உன் நாய்க்குட்டியின் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது, தம்பி. மறைக்க மாட்டேன். "சோடோ ஷீலா, மெயின்லேண்ட் ஆளுங்க அப்படித்தான்" என்றார் மாமா. எப்படி விடுவது? அவர் வண்டூர்க் கரையில் பொறுக்கி வந்த வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கட்டுக்கம்பியால் மேடு எழுப்பி, மர மில் தூளைச் சலித்துப் பெவிகாலில் பிசைந்து, ஒவ்வொரு பூச்சாகப் போட்டுக் காயவிட்டுத் தேய்க்க நான் பதினோரு வருஷம் தடுமாறியிருக்கிறேன். எத்தனை படம் வெடித்து உதிர்ந்தது என்று மாமாவைக் கேள். படம் செய்ய இந்தத் தீவுக்கு வந்த நீ, மூன்று மாதம் என் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கற்றுக்கொண்டாய். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

இப்போதுதான் என்றது பொய். போன மார்ச்சில், படங்களைக் கப்பலுக்குக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு, நாம் வேலை செய்த கொட்டகைக்குப் பின்னால் நின்று யாரோடோ போனில் பேசினாய். "கான்செப்ட் எல்லாம் என்னோடது சார், கூடமாட ஒத்தாசைக்கு இங்க ஒரு லேடி இருக்காங்க" என்றாய். நான் உனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காத மாதிரி கொடுத்தேன். நீயும் தேங்க்ஸ் அக்கா என்று வாங்கிக் குடித்தாய்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெரிய படம், அந்தச் சிவப்புக் கடல், ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்காரர்கள் வாங்கித் திறந்த கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், கடல்காற்றில் ஏதாவது ஆகுமா அக்கா என்று எழுதியிருந்தாய். நுட்பம் உன்னுடையது என்று அச்சடித்த பிறகும் என்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, பார். வலைக்கு ஒன்றும் ஆகாது. முன்பக்கம் வார்னிஷ் இருப்பதால் பூச்சும் தாங்கும். கம்பிதான் விஷயம்.

உள்ளே மறையப்போகிற கம்பிக்கு எதற்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் என்று கேட்டுச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். மர மில்லில் வேலை பார்த்தவரின் மகளுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். படாக்கில் இரும்பு பட்டு ஈரமும் சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதற்காகத்தான் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு தடவை பூசுவேன்.

பெரிய படத்தில், வலது பக்கத்து அலைக்கு அடியில், ஒரு முழ நீளத்துக்குப் பூசாத கம்பி இருக்கிறது. நீ போனில் பேசிய மறுநாள் நான் வளைத்துக் கட்டியது. என் பெயர், இரண்டே எழுத்து. அதன்மேல் முதல் பூச்சை நான் போட்டேன். மிச்சத்தை எல்லாம் நீயே உன் கையால் பூசினாய். இந்த அலை நல்லா வந்திருக்குக்கா என்றுகூடச் சொன்னாய்.

படத்துக்குப் பின்பக்கம் வெறும் வலைதான். ஈரம் அந்த வழியாக ஏறும். ஒரு மழைக்காலம் போதும், மிஞ்சினால் இரண்டு, அந்த இரண்டு எழுத்தும் அலையில் கறுத்துத் தெரிய. இறக்கிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். தாராளமாக இறக்கு. வாங்கியவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அவர்களுக்கு என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். சுரண்டிப் பார்த்தால் அலையோடு சேர்ந்து உதிரும். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரைச் சேர்க்கிறேன் அக்கா என்று மட்டும் எழுதிவிடாதே. அது எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். கடிதத்தின் முடிவில் என் ஆசி வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாய்விட்டுக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. அந்தக் கூடத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரட்டும். எல்லோரும் உன் படத்துக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்க்கட்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கே நல்ல மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
கூடமாட ஒத்தாசைக்கு இருந்த லேடி,
ஷீலா