கொம்பை முன்னால் போடுகிறவள்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

கம்ப்யூட்டர் இன்று சொல்லியேவிட்டது. புது சிஸ்டத்துக்கு மாற "இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை". பழையதற்கு இனிமேல் பாதுகாப்பும் கிடையாதாம். தகுதி! எத்தனை புத்தகம் அடித்துக் கொடுத்த பெட்டி இது. யாரைப் பார்த்து யார் சொல்வது? காபி ஆறிப்போகும் வரை திட்டித் தீர்த்தேன். அதற்குக் காது கேட்கவா போகிறது.

வரக்கூடாத நேரத்தில் வந்திருக்கிறது. அடுத்த செவ்வாய்க்குள் ஆறு பக்கம் தரவேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை என்ன? காமிக்ஸில் யாரோ வரைந்த படத்துக்குள், யாரோ எழுதிய வசனத்தைப் பலூனில் அடித்து உட்கார வைப்பது. இப்போது ரகு சார் (அடையாறு, காமிக்ஸ் தொகுப்பு போடுகிறவர்) "நீங்களே ஒரு கதை வரைஞ்சு குடுங்க மேடம்" என்றிருக்கிறார். ப்ரூஃப் ஓரத்தில் நான் கிறுக்கியிருந்த நண்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். செவ்வாய்க்குள் வராவிட்டால் அந்தப் பக்கங்கள் வேறு ஒருவருக்கு. அதையும் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

எனக்கு வேண்டும். அந்த ஆறு பக்கம் எனக்கு வேண்டும். இவரிடம்கூட இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை.

நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். "புலம்பாத. நாளைக்கு வரேன்" என்றாள்.

நாளைக்கு: பழைய ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஏற்ற. தோசை மாவு. கரண்ட் பில். தலைக்குக் குளிக்க.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை.

நஸ்ரீன் (இனி ந. என்றே எழுதப் போகிறேன், கை வலிக்கிறது) ராயப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்தாள். கையில் பென் டிரைவ், அவளுடைய பழைய பென் டேப்லெட் (படம் வரைகிற பலகை), ஒரு டப்பா சேமியா. முன்பு இருவரும் லஸ்ஸில் ஒரே டி.டி.பி. சென்டரில் பக்கத்து பக்கத்து நாற்காலி. இப்போது அவள் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறாள், ஒரு பக்கம் உருது, ஒரு பக்கம் தமிழ். லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்துக்கு மாறி நாலைந்து வருடம் ஆகிறது. என் பெட்டியிலும் அதையே ஏற்ற ஆரம்பித்தாள்.

பழைய சிஸ்டமும் கூடவே இருக்கட்டுமா, அழித்துவிடட்டுமா என்று ஒரு கட்டத்தில் திரை கேட்டது. ந. என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் இருக்கட்டும்டி. பழக்கமில்ல உனக்கு."

"அழி."

"யோசிச்சுச் சொல்லு செல்வி."

"தகுதி இல்லன்னு சொன்னதோட எனக்கு என்ன பேச்சு? அழி."

அழித்துவிட்டாள். சேமியா சாப்பிட்டு முடிப்பதற்குள் புதுத் திரை வந்துவிட்டது. பெட்டி சத்தமே போடவில்லை. இத்தனை நாள் மாவு மிஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது இதுதானா என்று காதை வைத்துப் பார்த்தேன்.

தி.நகர் கடையிலிருந்து (இவருக்கு ஷர்ட்டிங் பிரிவு) சாயந்திரம் இவர் வந்தார். எவ்வளவு என்று கேட்டார். இலவசம் என்றேன். உடனே முகத்தில் அந்தச் சந்தேகம். ஊரை விட்டு வந்து எத்தனை காலம் ஆனாலும் திருநெல்வேலிப் பேச்சு மட்டும் போகவில்லை.

"சும்மா குடுக்கான்னா எங்கயாவது கிழிசல் இருக்கும்ட்டி. விரிச்சுப் பாத்தியா?"

"உலகம் முழுக்க ஆளுங்க சேர்ந்து செஞ்சது. யார் வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம்."

"அப்போ தச்ச டெய்லர் யாருன்னே தெரியாது. சரிதான்."

சிரித்துத் தொலைத்தேன்.

மெனு எல்லாம் தமிழில் வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. கண் அங்கேயே போகிறது. ந.வுக்குச் செய்தி அனுப்பினேன். "நீயே திருத்தி எழுதி அனுப்பு, எடுத்துக்குவாங்க" என்று பதில். என் திருத்தத்தையா? இத்தனை காலம் பதிப்பாளர்களிடம் ஒரு 'ப்' போடச் சொல்லிக் கெஞ்சியவள் நான். அனுப்பினேன். சந்தோஷம்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலையில் இல்லை.

தட்டச்சு காலை வாரிவிட்டது. கொம்புதான் வில்லன். கையால் எழுதும்போது 'கெ', 'பே' எதுவானாலும் முதலில் கொம்பு, அப்புறம்தான் எழுத்து. பழைய ஃபாண்டிலும் அப்படியே, விரல் தானாகப் போகும். புது முறையில் எழுத்தை முதலில் அடிக்கவேண்டும், கொம்பு பின்னால். என் விரல் கேட்டால்தானே. "கடலே" என்று அடிக்கிறேன், "கடேல" என்று வருகிறது. "மகளே", "மகேள". சொல்லின் ஆரம்பத்தில் என்றால் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறது.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னட்டி, உன் எழுத்துக்கெல்லாம் தனியா கொம்பு முளைச்சிருக்கு?"

கையில் இருந்த துடைக்கிற துணியை வீசினேன். படவில்லை.

அதைவிடப் பெரிய அடி: என் கதையின் வசனம் எல்லாம் பழைய ஃபாண்டில் அடித்து வைத்தது. அந்த ஃபாண்ட் இதில் இல்லை, திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. "மீன்" இருந்த இடத்தில் kPd; என்று நிற்கிறது. "இன்னா" இருந்த இடத்தில் ,d;dh. எவ்வளவு திமிராக "அழி" என்றேன். இன்னும் ஐந்து நாள்தான். கிடைத்த ஒரே வாய்ப்பை வாய்த்துடுக்கால் கெடுத்துக்கொண்டேன் என்று அழுகையே வந்துவிட்டது. மதியம் சாப்பிடவில்லை.

ந. வந்தாள். மாற்றிக் கொடுக்க நிரல் இருக்கிறது, கவலைப்படாதே என்று தேட ஆரம்பித்தாள். அதற்குள் என்ன எழுதியிருக்கிறேன் என்று காட்டத் திரையைப் பார்த்து அவளுக்குப் படித்துக்கொண்டே போனேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். திரும்பினால் அவள் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறாள்.

"யா அல்லா! செல்வி, அங்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான்டி இருக்கு. எப்படிப் படிக்கிற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எந்த விசையில் எந்த எழுத்து என்று அடித்து அடித்து விரல் வழியாகக் கண்ணுக்கு ஏறியிருக்கிறது. வசனம் எங்கேயும் போகவில்லை. அப்படியே இருக்கிறது, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

ஃபைலை மாற்றவே வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஃப்ரிட்ஜில் இருந்த மிச்ச சேமியாவைச் சாப்பிட்டோம்.

நவம்பர் 14, வெள்ளி

விடிந்ததும் பட்டினப்பாக்கம் மீன் கடைகள். கடல் கலங்கல். மீன் குறைவு, கூட்டம் அதிகம்.

என் கதையே கஸ்தூரியின் கதைதான். பாதி நாள் அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் மீனைத் தொடவே பயந்தவளாம். மாமியாருக்குக் காய்ச்சல், இவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பேரம் பேசிய ஒருவர் நண்டைக் குத்திக் குத்திப் பார்த்து "உசிரே இல்ல" என்றிருக்கிறார். நண்டு பதில் சொல்லிவிட்டது. விரலை விடவே இல்லையாம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பயம் போனது என்பாள். அதுதான் ஆறு பக்கம்.

கத்தியை எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். படம் போடப் போகிறேன் என்று சொல்லவில்லை. வராமல் போய்விட்டால்?

"இன்னாக்கா, கையயே பாத்துகினு கீற? மோதிரம் எதனா வாங்கித் தரப் போறியா?"

"சும்மாத்தான்."

"சும்மா பாத்தா மீனு வெட்டுமா? சங்கரா கீது, நல்லாக் கீது. எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டேப்லெட்டைச் செருகினேன். எதையும் நிறுவச் சொல்லவில்லை, அனுமதி கேட்கவில்லை. பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கிறது, லேசாக விட்டால் இழைகிறது. ஒரு கோடு போட்டேன். இன்னொன்று. பக்கம் முழுக்கச் சும்மா கோடு. வரைகிற மென்பொருளில் தூரிகைகள் கொட்டிக் கிடக்கின்றன, மைத் தூரிகை மட்டுமே இத்தனை வகை. சங்கராவை ஃப்ரிட்ஜில் வைக்க மறந்து, பூனை சன்னலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. இவருக்குக் கடை. எனக்கு முழு வீடு.

நான்கு பக்கம் படம் முடிந்தது. நண்டு நன்றாக வந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கஸ்தூரியின் கை கொஞ்சம் தடி. விட்டுவிட்டேன், அவள் கை தடிதான்.

பலூனில் வசனம் போட உட்கார்ந்தேன். மறுபடி கொம்புச் சண்டை. மூன்று பலூன் அடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. கையில் பேனா இருந்தது. கோபத்தில் பலூனுக்குள் அந்தப் பேனாவாலேயே எழுதிவிட்டேன்: "இன்னாயா, நண்டுக்கு உசிரு கீதா?" கொம்பு, எழுத்து, கால், எல்லாம் கை போகிற வரிசையில்.

நின்று பார்த்தேன். கஸ்தூரி கத்துகிற இடத்தில் எழுத்து பெரிதாகிறது. பயப்படுகிற இடத்தில் சுருங்குகிறது. எந்த ஃபாண்டை வைத்து இதைச் செய்வேன்? என் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காசோலையில் கையெழுத்துப் போடுவதோடு சரி, தமிழ் எழுதி எத்தனை காலமாயிற்று (இந்த நோட்டுக் கிறுக்கலை விட்டுவிட்டால்).

ஆறு பக்கத்துக்கும் கையால்தான். முடிவு செய்துவிட்டேன்.

மதியம் தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய். பாட்டு வைத்துக்கொண்டு வேலை. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ஞாயிறு போனதே தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே.

முதல் பக்கத்தில் 'கதை, படம்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். எத்தனை பேர் பெயரை அந்த இடத்தில் அடித்திருப்பேன். பிறகு எழுதினேன். மூன்றே எழுத்து, ஒரு கொம்புடன். 'வி' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. திருத்தவில்லை.

அனுப்பியபின் வேலை ஓடவில்லை. அலமாரி துடைத்தேன். பருப்பு டப்பாக்களை இடம் மாற்றினேன். இவர் கடையிலிருந்து போன்: "பதில் வந்துட்டா?" இல்லை என்றேன். அரை மணியில் மறுபடி போன். வாடிக்கையாளர் யாருக்கோ துணி கிழித்துக்கொண்டே பேசுகிறார், சத்தம் கேட்கிறது. "வந்துட்டா?" என் ஆசை இவருக்குத் தெரியாது என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

பதில் வரவில்லை.

நவம்பர் 19, புதன்

காலை ரகு சார் போன். கரண்டி கையில், அடுப்பில் உப்புமா.

"மேடம், பார்த்தேன். ரெண்டு விஷயம்."

உப்புமா அடிபிடிக்கிற வாசனை. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

"ஒண்ணு, கீது, குந்திகினு எல்லாம் அப்படியே இருக்கு. மதுரை, நெல்லைப் பக்கம் படிக்கிறவங்களுக்குப் புரியுமா?"

"நெல்லைக்காரர் ஒருத்தர் என் வீட்லயே இருக்கார் சார். படிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்."

ரகு சாரும் சிரித்தார். "சரி, அப்படியே இருக்கட்டும். இன்னொண்ணு, அந்த ஃபாண்ட் எங்க வாங்கினீங்க? எனக்கும் அனுப்புங்க, மத்த கதைக்கும் போட்டுக்கலாம்."

"ஃபாண்ட் இல்ல சார். என் கை."

அந்தப் பக்கம் மௌஸ் சொடுக்குகிற சத்தம். பிறகு, "தொகுப்புல முதல் கதையா வைக்கிறேன் மேடம்."

கருகின உப்புமாவை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இவருக்குப் போன், ந.வுக்குப் போன். ந. அந்தப் பக்கம் கத்தின கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

நவம்பர் 22, சனி

வெயில்! துணி எல்லாம் காய்ந்துவிடும்.

லஸ் முனையில் ஆறு பக்கமும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டினப்பாக்கம். கஸ்தூரிக்கு இன்னும் தெரியாது. அவள் கதை, அவள் முகம், கேட்காமல் வரைந்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் ரகு சாரிடம் திரும்ப வாங்கிவிடுவது என்றுதான் போனேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் வாய் நின்றுவிட்டது. கடைசிப் பக்கம் வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். வாடிக்கையாளர் ஒருவர் வவ்வால் மீன் என்ன விலை என்று இரண்டு தடவை கேட்டார்.

"பிடிக்கலன்னா சொல்லிடு கஸ்தூரி. எடுத்துடறேன்."

"இரு." மறுபடி நண்டுப் பக்கத்துக்குப் போனாள். "மெய்யாலுமே நானே பேசற மாரி கீதுக்கா. யாரு வரைஞ்சது? உன் கூட வருமே, அந்த பாய் வூட்டம்மாவா?"

"நான்தான்."

"நீயா? நீ டைப்பு அடிக்கிற வேலன்னுதான சொன்ன?"

"ஆமா. அதுதான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, நாலு கடை தள்ளிக் கேட்கிற மாதிரி:

"அடியே மல்லிகா! இங்க வாடி! படம் வரையிற அக்கா வந்துகீது, என்னிய புக்குல போட்டுகீது!"

மல்லிகா வந்தாள். வவ்வால் கேட்டவரும் எட்டிப் பார்த்தார். மேலும் யார் யாரோ. பேப்பர் கை மாறி மாறிப் போனது, ஓரமெல்லாம் மீன் தண்ணீர். "அந்தப் படம் வரையிற அக்காவுக்கு ஒரு டீ சொல்லு" என்று யாரோ சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நானே ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவுக்கு ரசம்தான்.