இரட்டைச் சுழி

என் செல்லத் தங்கச்சி மலருக்கு,

மூன்று நாள் காய்ச்சலோடு போய்விட்டாய். எட்டாம் நாள் சடங்கான உன் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் உன் அலுமாரியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. ஊருக்கு, மடத்துவெளிக்கு வரும்போதெல்லாம் "கடிதம் வந்ததோ?" என்பேன். "ஓம் அக்கா" என்பாய். யாரிடமாவது கொடுத்து வாசிப்பித்திருக்கலாமே, ஏனடி கேட்கவில்லை? வெட்கமா?

அந்த வெட்கத்தை உனக்குத் தந்தவள் நான்தான். உனக்கு அப்போது ஒன்பது வயது. சீப்பால் தலை இழுத்துவிடும்போது உன் உச்சியில் இரண்டு சுழியைக் கண்டு, புதையல் கண்டவள் மாதிரி, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, இவளுக்கு ரெண்டு சுழி!"

"அதுதான் ஒரு இடத்தில இருக்கிறாளில்லை, எழுத்தும் ஏறுதில்லை. நயினாதீவு அம்மாளுக்கு முடி குடுப்பம். புதுசா முளைக்கேக்க சுழி மாறும்."

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறும்வரை துள்ளிக்கொண்டே வந்தாய். மழித்து முடிந்ததும் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாய்: "அக்கா, இனி எழுத்து ஆடாதுதானே?"

நான் ஓமென்றேன்.

முடி அரும்பத் தொடங்கியதும் இரண்டு சுழியும் முன்னையைவிடத் தெளிவாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்தில் உன் தலையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள். எழுத்தும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் புத்தகத்தை எறிந்துவிட்டுக் கிணற்றடியில் வந்து குந்தினாய். பிறகு நீ பள்ளிக்கூடம் போகவேயில்லை. நேர்த்திக்கடனில் என்ன குறை வைத்தோமோ என்று அம்மா அழுதா. உன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது என் மகள் வாணிக்கும் அதே இரண்டு சுழி. கதிரையில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாள். எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிறாள். போன கிழமை டொக்டரிடம் கொண்டுபோய்ச் சுழியைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்பிடி ஏதும் தொடர்பு இருக்குமோ எண்டு யோசிக்கிற ஆக்களும் இருக்கினம். சரியா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பிள்ளையில பிழையில்லை, சுழியை மாத்தி ஒண்டும் ஆகாது. ஆறுதலாச் சொல்லிக் குடுங்கோ, வாசிப்பா."

வாசிப்பாளாம், மலர். அப்படியென்றால் நீயும் வாசித்திருப்பாய். நான் அங்கேயே அழுதுவிட்டேன். வாணிக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

என் மாமி இவளுக்கும் நேர்த்தி வைக்கச் சொல்லி நிற்கிறா. வாணியின் தலையில் கத்தி படாது, இது உன் மேல் சத்தியம். பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக உடைத்து உன் படத்துக்கு முன்னால் நானே வாசிக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் வாசிக்கமாட்டேன். எவ்வளவு காலம் எடுத்தாலும் வாணிதான் உனக்கு இதை வாசித்துக் காட்டுவாள். அதுவரை ஒட்டியபடியே உன் அலுமாரியில் இருக்கட்டும்.

உனக்குத் தலை இழுத்துவிட்ட,
அக்கா