மறுபக்கக் காது

செங்கல்பட்டு,
17-9-1976

மதிப்பிற்குரிய டாக்டர் வாசுதேவன் அவர்களுக்கு,

வணக்கம். எடின்பரோ குளிர் தங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. ஏரி பாதிதான் இருக்கிறது.

தாங்கள் அனுப்பிய கட்டுரைப் பிரதி கிடைத்தது. அளவுகளை மட்டும் சரிபார்க்கச் சொல்லியிருந்தீர்கள். உடற்கூறு கற்பித்த காலத்தில் அறுபது மண்டையோடுகளை அளந்து வைத்த குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னுள்ள எலும்பின் அகலம், முக நரம்பு வளையும் ஆழம் எல்லாம் சரி. ஏழாம் பக்கத்தில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது. பென்சிலால் குறித்திருக்கிறேன்.

அட்டவணையின் நான்காவது வரியைப் பற்றி எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். "பெண், வயது 38, இடது செவி நரம்பில் கட்டி, முழுவதும் அகற்றப்பட்டது, முகம் கோணவில்லை, மறுபக்கக் காது இயல்பு." அது ஆதியம்மாள். கொக்கிலமேட்டிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்பவள். தலைசுற்றுகிறது என்று அவள் சொன்னபோது, சென்னைக்குத் தங்களிடம் அழைத்து வந்தவன் நான்தான்.

அவளுடைய வலது காது சிறு வயதிலேயே போய்விட்டது. என் மனைவி பார்வதம் அந்தப் பக்கம் நின்று விலை கேட்டால், "இந்தாண்ட வாம்மா, அந்தக் காது செத்துப் போயி எம்மா வருசமாவுது" என்பாள். பதினோரு வருடமாக இது எனக்குத் தெரியும்.

அறுவைக்கு முன், என்னையும் அழைத்திருந்த ஆலோசனைக் கூட்டத்தில் தாங்கள் இரண்டு வழிகளைச் சொன்னீர்கள். பின்தலையைத் திறந்து சிறுமூளையை ஒதுக்கிக்கொண்டு போனால் காது பிழைக்கலாம், ஆபத்து அதிகம். உட்காதைக் குடைந்து நேரே போனால் முக நரம்பைக் காப்பாற்றுவது எளிது, ஆனால் அந்தக் காது நிச்சயம் போகும். மறுகாது நன்றாக இருப்பதால் இரண்டாவது வழியே என்று முடிவு செய்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, எலும்பில் இடம் போதுமா என்றீர்கள். போதும் என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சோதனைச் சீட்டில் இயல்பு என்றிருந்தது. மீன்காரி சொன்னதை வைத்துக்கொண்டு அத்தனை பெரியவர்கள் நடுவில் எழுந்து நிற்க எனக்குத் துணிவில்லை. இடது காதை இரைச்சலால் அடைக்காமலே வலது காதைச் சோதித்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வலப்பக்கம் வைத்த ஒலியை எலும்பு வழியாக இடது காது கேட்டிருக்கிறது. அவளும் கேட்கிறது என்று கை தூக்கியிருக்கிறாள்.

ஒரு காது போகும் என்று வார்டில் சொன்னபோது, முன்பே போனதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அவள் கணவன் சிங்காரம் கைநாட்டு வைத்தானாம்.

அவள் மறுபடி கூடை தூக்கத் தொடங்கி ஒரு மாதமாகிறது. தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்துகிறாள். பார்வதம் விரல் காட்டி விலை பேசுகிறாள். சென்ற வாரம் சிங்காரமும் கூட வந்தான். "காயம் ஆறிப்போச்சுன்னா காது தொறந்துக்கும்தானே சாரு? தெனம் சங்கை எடுத்துக் காதாண்ட வச்சு வச்சுப் பாத்துகினு கீறா" என்றான். ஆறட்டும், பார்க்கலாம் என்றேன். அறுவை முடிந்து ஆறு மாதமாகிறது, டாக்டர். ஆற வேண்டிய காயம் எதுவும் மிச்சமில்லை.

அவளுக்குச் சொல்லிக் கேட்காது, எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியாது. சிங்காரத்திடம் சொல்லலாம். அதற்கும் எனக்கு நா எழவில்லை.

அச்சுக்குப் போகுமுன் நான்காவது வரியில் "இயல்பு" என்பதை அடித்துவிடுங்கள். முடிவில் எனக்கு நன்றி சொல்லியிருக்கும் வரியையும் எடுத்துவிடுங்கள்.

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் ஆசி கூறுகிறேன். தங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். தை மாதம் ஊர் திரும்பும்போது ஒரு நாள் கொக்கிலமேட்டுக்கு வாருங்கள், நானும் உடன் வருகிறேன். யாராவது வாயசைத்தால் அவள் இன்னமும் இடது காதைத்தான் அவர்கள் பக்கம் திருப்புகிறாள்.

தங்கள்,
செங்கல்வராயன்